எலி கடித்த எஞ்சின் வயரிங்: ஒட்டுப்போடலாமா, முழு செட்டையும் மாற்றணுமா?

மலைக்கோட்டை_வண்டி · ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும்.

தங்கச்சி கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு நேற்றுதான் திருச்சி திரும்பினோம். வண்டி 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் எஞ்சின் உதறுகிறது, மஞ்சள் எஞ்சின் விளக்கு அணையவில்லை, இடது ஹெட்லைட் எரியவில்லை. பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் தேங்காய் நார், வேர்க்கடலைத் தோல், கிழிந்த பாலிதீன் எல்லாம் சேர்த்து ஒரு கூடே கட்டி வைத்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். ஏழு வயர் துண்டாகிவிட்டது. இன்னும் நான்கில் தோல் உரிந்து செம்பு தெரிகிறது.

சர்வீஸ் சென்டரில், "எஞ்சின் ரூம் வயரிங் செட் முழுசும் மாத்தணும், 38,000, லேபர் தனி, சரக்கு வர இருபது நாள்" என்றார்கள். தெருமுனை எலக்ட்ரீஷியன், "1,500 குடுங்க சார், ஒரு மணி நேரத்துல முறுக்கி டேப் சுத்திடறேன்" என்கிறார். இரண்டுக்கும் நடுவில் வழி உண்டா? மல்டிமீட்டரும் 25 வாட் சால்டரிங் அயர்னும் வைத்திருக்கிறேன். வீட்டு மின்வேலை பழக்கம். கார் வயரைத் தொட்டதில்லை. வண்டியில் இரண்டு பிள்ளைகள் ஏறுவார்கள், அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.


வேளச்சேரி_கணக்கு · ஞாயிறு, இரவு 10:05

கை வைப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள், கூட்டோடு சேர்த்து. இன்சூரன்ஸில் கேட்பதாக இருந்தால் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் வெட்டக் கூடாது. எலிக்கடி உங்கள் பாலிசியில் வருகிறதா என்று தாளைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு கணக்கு மட்டும் மறக்க வேண்டாம். கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருஷம் வருஷமாக ஏறி வந்தது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சின்ன வேலையாக முடிந்தால் கையிலிருந்து கொடுப்பதுதான் லாபம்.


பவானி_எலக்ட்ரிகல்ஸ் · ஞாயிறு, இரவு 11:20

தம்பி, 26 வருசமா ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வெச்சிருக்கறேனுங்க. மழைக்காலம் வந்தா வாரத்துக்கு ரெண்டு எலி வண்டியாவது வந்துரும். உங்க கேள்விக்கு முன்னாடி நாலு விசயம் சொல்லிடறேன்.

ஒண்ணு, இனிமே வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. எஞ்சின் உதறுதுன்னா ஒரு சிலிண்டர் எரியலீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர்ல இருக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போயி அங்க எரியும். அது பழுதானா அதுக்குத் தனியாப் பெருஞ்செலவு. அது போக, தோல் உரிஞ்ச 12 வோல்ட் வயரு பக்கத்து வயரத் தொட்டாப் போதும், இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) உள்ள இருக்கற டிரான்சிஸ்டரு போயிரும். 38,000 சின்னக் காசாத் தெரியும் அப்ப.

ரெண்டு, வெறுங்கையில கூட்டத் தொடாதீங்க. எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கையுறை போட்டு, முகத்துல துணி கட்டி, பிளீச்சிங் தண்ணி தெளிச்சு நனைச்ச பின்னாடி எடுங்க. காய்ஞ்சதத் தூசி பறக்கக் கூட்ட வேண்டாம். வயரப் பாக்கறதுக்கு முந்தி இதத்தான் பாக்கோணும்.

மூணு, பெட்ரோல் ஓசப் பாருங்க. வயரக் கடிச்ச பல்லு ரப்பர் ஓச விட்டு வெச்சிருக்கும்னு நம்ப முடியாது. மோந்து பாத்துப் பெட்ரோல் வாடை வந்துதுன்னா, சால்டரிங் அயர்ன், லைட்டர், ஹீட் கன் ஒண்ணையும் பக்கத்துல கொண்டு போகக் கூடாது. ஓஸ் வேலைய முடிச்சுட்டுத்தான் வயர் வேலை.

நாலு, பேட்டரி மைனஸக் கழட்டுங்க. மொதல்ல மைனஸ்தான். ஏன்னா வண்டி பாடி பூராவும் மைனஸு. பிளஸ்ஸ மொதல்ல கழட்டறப்ப ஸ்பேனர் தவறிப் பாடியில பட்டா நேரா ஷார்ட்டு. மைனஸ எடுத்துட்டா அதுக்கப்புறம் ஸ்பேனர் பாடியில எங்க பட்டாலும் ஒண்ணும் ஆகாது. மாட்டறப்ப பிளஸ் முந்தி, மைனஸ் கடைசி. மோதிரம், காப்பு, கைச்செயின் எல்லாத்தையும் கழட்டி வெச்சுருங்க. எங்க பையன் ஒருத்தன் ஸ்டீல் காப்போட டெர்மினலத் தொட்டான். ஒரே நொடிதானுங்க. காப்பு செவந்து போச்சு, மணிக்கட்டச் சுத்தி இன்னும் வளையமாத் தழும்பு இருக்குது. 12 வோல்ட்டு ஆளுக்கு ஷாக் அடிக்காது. ஆனா பேட்டரி செல்ஃப் எடுக்கறப்ப நூறு ஆம்பியருக்கு மேல குடுக்கற சாமான். இரும்பு குறுக்க வந்தா அதுக்கும் அதையேதான் குடுக்கும்.

கழட்டறதுக்கு முந்தி ஒரு கண்ணாடிய இறக்கி விட்டுக்குங்க, சாவி கையில இருக்கட்டும், கதவு லாக் ஆனாலும் மாட்டிக்க மாட்டீங்க.

இப்ப எனக்கு வேண்டியது வயரோட கலரு, அதுல ஓடற கோட்டுக் கலரு, கனம், எந்தக் கப்ளருக்கு (சொருகற பிளாஸ்டிக் முனைக்கு) போகுதுங்கறது. ஒவ்வொண்ணா எழுதி அனுப்புங்க. மஞ்சக் குழாய்க்குள்ள போறதோ மஞ்சக் கப்ளரோ கடிபட்டிருந்தா அதத் தொடாம எனக்குச் சொல்லுங்க.


மலைக்கோட்டை_வண்டி · திங்கள், காலை 8:15

ரொம்ப நன்றி அண்ணா. கையுறை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று வெறுங்கையில்தான் நாரை இழுத்தேன். இப்போதே நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பெட்ரோல் வாடை இல்லை. ஓஸ் முழுவதையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், பல் தடம் இல்லை. மஞ்சள் எதுவும் கடிபடவில்லை. துண்டானவை:

இன்ஜெக்டருக்குப் போகும் மெல்லிய வயர் இரண்டு. இக்னிஷன் காயில் கப்ளருக்கு ஒன்று. இடது ஹெட்லைட்டுக்கு இரண்டு, கொஞ்சம் கனம். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும் மெல்லிய ஜோடி ஒன்று, அது ஏபிஎஸ் (பிரேக் பூட்டாமல் காப்பது) பெட்டிப் பக்கம் போகிறது. தோல் மட்டும் உரிந்தவை நான்கும் ரேடியேட்டர் ஃபேன், ஹார்ன் பக்கம் போகிறவை.

டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கும் எரிந்தது, முதலில் எழுத விட்டுவிட்டேன்.


பவானி_எலக்ட்ரிகல்ஸ் · திங்கள், மதியம் 2:30

நல்ல சேதி தம்பி. இதுக்கு முழு செட்டு வேண்டியதில்லீங்க. ஆனா முறுக்கி டேப் சுத்தறதும் கூடாது. ஏன்னு ஒரு கணக்குச் சொல்றேன், பொறுமையாப் படிங்க.

கார்ல தீ புடிச்சதுன்னு கேள்விப்படறோம். நல்ல வயரு நடுவுல சும்மா எரியாது. ஒட்டுப்போட்ட எடம், கப்ளரு, லூஸான எர்த் போல்ட்டு, உரசித் தேஞ்ச எடம், இங்கதான் சூடு ஆரம்பிக்கும். கையில முறுக்கின சந்து நாளாவட்டத்துல ஆடி, களிம்பு ஏறி, 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துருச்சுன்னு வையுங்க. மல்டிமீட்டர்ல பாத்தா அது ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் காட்டும். ரேடியேட்டர் ஃபேன்ல 15 ஆம்பியர் ஓடுதுன்னா, 15ஐ 15ஆல பெருக்கி 0.1ஆல பெருக்குங்க. 22.5 வாட். உங்க சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது நக அகலத்துச் சந்துல, டேப்புக்குள்ள, ஒரு சால்டரிங் அயர்னச் சொருகி வெச்சுட்டு ஃபேன் ஓடற நேரமெல்லாம் ஓட விடறீங்க. ஒட்டு வேலைய நான் இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இதுதானுங்க.

சரி, வேலை. கடிச்ச எடத்துல ரெண்டு பக்கமும் வெட்டி, செம்பு பளபளன்னு வர்ற வரைக்கும் பின்னாடி போங்க. எலி ஈரம் பட்ட செம்பு தோலுக்குள்ளயே கருத்து, பச்சைக் களிம்பா ஏறியிருக்கும். களிம்பு மேல போட்ட ஒட்டு நிக்காது. வெட்டினதுல நீளம் கொறையும், அதுக்கு அதே கனத்துல துண்டு வயரு வெச்சு ரெண்டு ஒட்டாப் போடணும். இழுத்துக் கட்டி ஒரே ஒட்டுல முடிக்கப் பாக்காதீங்க, எஞ்சின் ஆடறப்ப புடுங்கிக்கும்.

வீட்டு வயரு வேண்டாம். அதோட தோலு 70 டிகிரிக்குச் செஞ்சது. கார் வயர்லயே 85, 100, 125 டிகிரின்னு தரம் இருக்குது, எஞ்சின் ஓரத்துக்கு மேல் தரத்தத்தான் கேட்டு வாங்கோணும். சென்னையில புதுப்பேட்டை மாதிரி எடத்துல பிரிச்ச வண்டியோட வயரிங் துண்டு கெடைக்கும். அதே மாடல்ல வாங்கினா கலரு, கோடு எல்லாம் ஒத்து வரும். நாளைக்கு வேற ஆளு பாத்தாலும் குழம்ப மாட்டான்.

தோல் உரிக்கறப்ப பல்லுல கடிக்க வேண்டாம், பிளேடும் வேண்டாம், ஸ்ட்ரிப்பர் வெச்சுக்குங்க. 0.5 சதுர மி.மீ. வயருக்குள்ள சாதாரணமா 16 இழை இருக்கும். மூணு இழை அறுந்தாலே அஞ்சுல ஒரு பங்கு வயரு போச்சு.

அப்புறம், எல்லா ஒட்டையும் ஒரே எடத்துல போடாதீங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு அங்குலம் தள்ளித் தள்ளிப் போட்டீங்கன்னா லூம் (வயர்க் கட்டு) முடிச்சு விழாது, ஒரு ஸ்லீவ் கிழிஞ்சாலும் பக்கத்து ஒட்டத் தொடாது. ஸ்லீவ் உள்ள பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க்கா (சூடு பட்டாச் சுருங்கற குழாய்) இருக்கட்டும், சூட்டுல பசை ரெண்டு ஓரத்துலயும் பிதுங்கி வந்தா தண்ணி ஏறாது. கறுப்பு பிவிசி டேப்பு எஞ்சின் சூட்டுல ஒரு கோடையில பிசுபிசுத்து அவிழ்ந்துரும். வெளியில துணி டேப்பு சுத்தி, நீளவாக்குல பிளந்த பிளாஸ்டிக் பைப்புக்குள்ள விட்டு, பழைய கிளிப்லயே மாட்டுங்க.

கிரிம்ப் பண்ண (கனெக்டருக்குள்ள வயர விட்டு நசுக்க) ராட்செட் டூல் வாங்குங்க, கட்டிங் பிளேயர்ல நசுக்கறது கிரிம்ப் ஆகாது. கனெக்டர் கலருல சிவப்பு 0.5ல இருந்து 1.5 சதுர மி.மீ. வயருக்கு, நீலம் 1.5ல இருந்து 2.5, மஞ்சள் 4ல இருந்து 6. நசுக்கின பின்னாடி நல்லா இழுத்துப் பாருங்க. கழண்டு வந்தா இப்பயே வரட்டும்.


ரேடியோ_மாமா · திங்கள், மாலை 6:10

பவானி சார் எழுதினது எல்லாம் சரி, ஒரு இடம் தவிர. மதுரையில முப்பது வருஷம் ரேடியோ, டிவி பார்த்தவன் நான். செம்பும் ஈயமும் ஒன்றாகப் பிடித்த சால்டர் ஒட்டுக்கு மேல் ஒட்டு கிடையாது. கிரிம்ப் என்பது வெறும் அழுத்தம்தானே? காற்றும் ஈரமும் இழைக்கு நடுவில் போகாதா? தம்பியிடம் சால்டரிங் அயர்ன் இருக்கிறது. எதற்குப் புது டூல்?


பவானி_எலக்ட்ரிகல்ஸ் · திங்கள், இரவு 9:00

ஐயா, நானும் பத்து வருசம் சால்டர்தான் போட்டேனுங்க. ஒட்டு நல்லாத்தான் இருக்கும். உடையறது ஒட்டுல இல்லீங்க, ஒட்டு முடியற எடத்துல. ஈயம் இழைக்குள்ள ஊறிப் போயி ஒரு அங்குலம் கம்பி மாதிரி விறைச்சு நிக்கும். அது முடியற விளிம்புல விறைப்பும் நெகிழ்வும் சந்திக்குது. டிவி ஒரே எடத்துல உக்காந்திருக்கும். எஞ்சின் நிமிசத்துக்கு ரெண்டாயிரம் சுத்து ஆடுது. அந்த விளிம்புலயே மடங்கி மடங்கி இழை ஒவ்வொண்ணா அறும். வெளியில ஸ்லீவ் முழுசா இருக்கும், உள்ள ரெண்டு இழைதான் தாங்கிட்டிருக்கும். அதக் கண்டுபுடிக்கறதுக்குள்ள உசுரு போயிரும்.

ராட்செட் டூல் அழுத்தற அழுத்தத்துல இழைக்கு நடுவுல காத்துப் போறதுக்கு எடமே இருக்காதுங்க. அதனாலதான் கம்பெனிக்காரங்க பெரும்பாலும் கிரிம்ப் பண்றாங்க.


ரேடியோ_மாமா · திங்கள், இரவு 9:45

விளிம்பில் உடையும் என்பது எனக்கும் தெரிந்ததுதான், ஹெட்போன் வயர் எல்லாம் அப்படித்தான் போகும். எஞ்சின் ஆட்டத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். டேஷ்போர்டுக்குள் ஆடாத இடத்தில் போடுகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ரோசின் உள்ள ஈயம்தான் வாங்க வேண்டும். தகரத்துக்குப் போடும் ஆசிட் பேஸ்ட் பட்டால் ஆறு மாதத்தில் செம்பைத் தின்றுவிடும். ஒட்டுக்கு இரண்டு பக்கமும் வயர் ஆடாமல் பிடித்துக் கட்ட வேண்டும்.

சால்டர் வைத்த முனையைக் கிரிம்ப்புக்குள்ளோ ஸ்க்ரூவுக்குக் கீழோ வைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகரும், நாளடைவில் தளர்ந்துவிடும்.


செங்கை_சாரதி · செவ்வாய், காலை 11:00

நான் எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். பியூஸைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை.

பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். முன்னால் வைத்திருந்தவர் ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு போட்டிருந்தார், ரிலே (பெரிய கரண்டைத் தாங்கும் தனி சுவிட்ச்) இல்லாமல். எனக்கு அது தெரியாது. வாங்கிய மாதமே பியூஸ் இரண்டு முறை போனது. அக்சஸரீஸ் கடையில் காட்டினேன். பச்சையாக ஒரு பியூஸைச் சொருகி, "இனிமே போகாது மேடம்" என்றார்கள். போகவும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி ஒன்பது மணி இருக்கும், திண்டிவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. மகன் பின்சீட்டில் தூங்குகிறான். முதலில் சீப்பு கருகின மாதிரி ஒரு வாடை. லாரி ஏதாவது முன்னால் போகிறதோ என்று நினைத்தேன். லைட் சுவிட்ச் இருக்கும் தண்டைத் தொட்டால் கை சுட்டது. அப்புறம்தான் ஸ்டியரிங்குக்குக் கீழே நூல் மாதிரி வெள்ளைப் புகை. ஓரங்கட்டி, லைட்டை அணைத்து, எஞ்சினை அணைத்து, முதலில் பிள்ளையை இறக்கி மழையிலேயே தூரமாக நிறுத்தினேன். பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றியது உதவிக்கு நின்ற ஒரு லாரி டிரைவர் அண்ணன். பானெட்டின் லீவரை இழுத்துவிட்டு உடனே தூக்காமல், கை வைத்துச் சூடு பார்த்து, இடுக்கில் புகை வருகிறதா என்று பார்த்துத்தான் திறந்தார். உள்ளே நெருப்பிருந்தால் காற்றுப் பட்டதும் குப்பென்று எழும் என்றார்.

மறுநாள் பிரித்தபோது ஒன்றரை அடி நீளத்துக்கு வயர்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று உருகி, ஆறின வெல்லப்பாகு மாதிரி கட்டியாகி இருந்தன. சுவிட்சின் பிளாஸ்டிக் இளகிச் சாய்ந்திருந்தது. பியூஸ் பெட்டியைத் திறந்தால் அந்தப் பச்சை பியூஸ் மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி புதுசாக இருந்தது. இன்றுவரை அந்தப் பச்சைதான் என் கண்ணில் நிற்கிறது.


பவானி_எலக்ட்ரிகல்ஸ் · செவ்வாய், மதியம் 3:15

நல்ல வேளை அம்மா, பிள்ளைய மொதல்ல இறக்குனீங்க.

பியூஸ் பல்பக் காப்பாத்தறதுக்குன்னு நெறையப் பேரு நெனைக்கறாங்க. வயரக் காப்பாத்தறதுக்குத்தான் பியூஸு. வயரு எவ்வளவு தாங்குமோ அதுக்குக் கீழ அத்துக்கோணும். பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. தட்டையாச் சொருகற பிளேடு பியூஸ்ல இந்தக் கலரு எல்லாக் கம்பெனி வண்டிக்கும் ஒண்ணுதான். 60/55 பல்பு ரெண்டு, லோ பீம்ல 9 ஆம்பியர் சொச்சம் இழுக்கும். 100/90 போட்டா லோ பீமே 15, ஹை பீம் 16 சொச்சம். அத்தனையும் விரல் மொத்தத்துச் சுவிட்ச் வழியாப் போகுது. பியூஸ் ரெண்டு தடவ போனது உங்களுக்குச் சொன்ன சேதிங்க. அத வாங்கி 30 போட்டுச் சேதி சொல்ற வாய அடைச்சுட்டாங்க.

மலைக்கோட்டைத் தம்பி, வேலை முடிச்சு பியூஸ் போனா, பெரிசு போடாதீங்க. எங்கயோ ஷார்ட்டு மிச்சம் இருக்குதுன்னு அர்த்தம்.


யாழ்_ஹைபிரிட் · செவ்வாய், இரவு 8:20

வணக்கம். யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதுறன். இஞ்ச கன பேரிட்டை ஜப்பானிலை இருந்து வந்த ஹைபிரிட் கார்தான். எலிப் பிரச்சினையும் இருக்கு. இதை வாசிச்சுப்போட்டு ஆராவது ஹைபிரிட்டிலையும் கை வைக்கக் கூடாதெண்டதுக்காக எழுதுறன்.

ஒரேஞ்ச் நிறக் கேபிளைத் தொடாதேங்கோ. முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவிலை பெரிய பற்றரி 144 வோல்ட். அதை இன்வேட்டர் 520 வோல்ட் வரைக்கும் உயர்த்தும். மூண்டாம் தலைமுறை பிரியஸிலை 650 வரைக்கும் போகும். பவானி அண்ணை சொன்ன மாதிரி 12 வோல்ட் ஷொக் அடிக்காது, சரி. இது ஆளைக் கொல்லும். இயந்திரம் சத்தமில்லாமல் நிக்குது, ஓஃப் ஆகியிட்டுது எண்டு நினைச்சுக் கை வைக்கக் கூடாது. வாகனம் ரெடியிலை (ஓடத் தயார் நிலையிலை) இருந்தாலும் அப்பிடித்தான் சத்தமில்லாமல் நிக்கும்.

பயிற்சி எடுத்த ஆக்கள் செய்யிறதைப் பக்கத்திலை நிண்டு பாத்திருக்கிறன். சாவியைத் தூரக் கொண்டுபோய் வைப்பினம். 12 வோல்ட் பற்றரியின்ரை மைனஸைக் கழட்டி, 1000 வோல்ட் கையுறை போட்டு, பெரிய பற்றரியைத் துண்டிக்கிற சேர்விஸ் பிளக்கை உருவித் தங்கடை பொக்கற்றிலை வைப்பினம், வேறை ஒருத்தரும் திருப்பிப் போடாமல் இருக்க. பிறகு பத்து நிமிசம் சும்மா நிப்பினம். இன்வேட்டருக்குள்ளை இருக்கிற கப்பாசிற்றர் இறங்க வேணும். அதுக்குப் பிறகும் மீற்றர் வைச்சு பூச்சியம் எண்டு பாத்துத்தான் தொடுவினம். கையுறையை ஒவ்வொருக்காலும் ஊதிச் சுருட்டி ஓட்டை இருக்கோ எண்டு பாக்கிறதையும் கண்டனான். எங்களை மாதிரி ஆக்கள் வீட்டிலை செய்யிற வேலை இல்லை இது.


மலைக்கோட்டை_வண்டி · செவ்வாய், இரவு 10:30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். அந்த முறுக்கு ஜோடியை எப்படி ஒட்டுவது? மஞ்சள் கப்ளரை ஏன் தொடக் கூடாது? பேட்டரிதான் கழற்றியாகிவிட்டதே.


பவானி_எலக்ட்ரிகல்ஸ் · புதன், காலை 7:10

மஞ்சள் ஏர்பேக்குங்க. அதுக்குள்ள இருக்கறது சின்ன வெடிமருந்து. பேட்டரி கழட்டினாலும் அந்தப் பெட்டிக்குள்ள கப்பாசிட்டர் கொஞ்ச நேரம் சார்ஜ் வெச்சிருக்கும். விபத்துல பேட்டரி நொறுங்கினாலும் ஏர்பேக் விரியணும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. எத்தன நிமிசம் காத்திருக்கணும்னு உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கும். மல்டிமீட்டர ஓம்ஸ்ல வெச்சு அந்த வயரத் தொட்டுப் பாக்கறது இன்னும் மோசம். மீட்டர்ல இருந்து போற துளி கரண்டு போதுமா போதாதான்னு உங்க முகத்துக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்க வேண்டாம். 2019 ஜூலையில இருந்து டிரைவர் ஏர்பேக் இல்லாம புது வண்டி இங்க விக்க முடியாது, அதுக்கு முந்தின வண்டிகள்லயும் நெறையா இருக்குது. மஞ்சள் கடிபட்டா அந்த ஒரு துண்டு லூமயே மாத்தணும், அதுக்கு மட்டும் சர்வீஸ் சென்டர்.

முறுக்கு ஜோடி கேன் லைனுங்க, இசியூவும் ஏபிஎஸ்ஸும் பேசிக்கற வயரு. முறுக்கித்தான் வெளி மின் இரைச்சல் ஏறாமப் பாத்துக்குது. அதனால ஒட்டுக்காகப் பிரிக்கற நீளத்த ரெண்டு அங்குலத்துக்குள்ள வெச்சு, ஒட்டின பின்னாடி மறுபடி அதே நெருக்கத்துல முறுக்குங்க. ரெண்டு நீளமும் ஒரே அளவா இருக்கோணும். ரெண்டும் இடம் மாறிறக் கூடாது, கலர் பாத்து ஒட்டுங்க. லைன் ரெண்டு கடைசியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரி கழட்டி வெச்சு, அறுந்த ஜோடியோட ஒரு பக்கத்துல அளந்தா இப்ப 120 காட்டும். சரியா ஒட்டினா ரெண்டும் இணைஞ்சு 60 வரும்.

டெஸ்ட் லேம்ப் எடுக்கவே எடுக்காதீங்க. அந்தப் பல்பு இழுக்கற கரண்ட இசியூ சென்சர் லைன் தாங்காது. ஊசியக் குத்தி வயரு தோலுல ஓட்ட போடறதும் வேண்டாம், களிம்பு ஏற அந்த ஓட்டையே வழி.


மலைக்கோட்டை_வண்டி · ஞாயிறு, மாலை 6:50

இன்று முடித்தேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டாகிவிட்டது.

செலவு: ராட்செட் கிரிம்ப் டூல், ஸ்லீவ், துணி டேப், பைப், பழைய லூம் துண்டு எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய்.

கேன் ஜோடியை முதலில் செய்தேன். அண்ணா சொன்ன மாதிரி அளந்தேன். 120.6 காட்டியது. ஒட்டி முடித்து அளந்தால் 60.2. அந்த எண்ணைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்ஜெக்டர் வயரில் முதல் ஒட்டை இழுத்துப் பார்த்ததும் கையோடு வந்துவிட்டது. நீலக் கனெக்டரை மெல்லிய வயருக்குப் போட்டிருக்கிறேன். வெட்டிவிட்டுச் சிவப்பில் மறுபடி போட்டேன். ஹெட்லைட் வயரில் ஸ்லீவைக் கோர்க்காமலே ஒட்டிவிட்டேன், அதையும் வெட்ட வேண்டியதாயிற்று. இனி செய்பவர்கள் ஸ்லீவை முதலில் கோர்த்துத் தள்ளி வையுங்கள், அதன் பிறகு தோலை உரியுங்கள்.

தோல் உரிந்த நான்கில் ஒன்றில் இழைகளும் அறுந்திருந்தன, ரேடியேட்டர் ஃபேன் வயர். அதையும் வெட்டிப் புதுத் துண்டு வைத்தேன்.

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். உதறல் இல்லை. எஞ்சின் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு இரண்டும் அணைந்துவிட்டன. ஃபேன் ஓடும்போது ஒட்டின் இரண்டு பக்கமும் மீட்டர் வைத்தேன், 0.01 வோல்ட்தான் வழியில் வீணாகிறது. பத்து நிமிஷம் கழித்து ஸ்லீவைத் தொட்டால் பக்கத்து வயரின் சூடுதான் இருந்தது.


நெல்லை_காற்று · ஞாயிறு, இரவு 8:30

வாழ்த்துகள். எலி மறுபடி வராமலிருக்க என்ன செய்தீர்கள்? எங்கள் பக்கம் புகையிலை கட்டி வைப்பார்கள்.


பவானி_எலக்ட்ரிகல்ஸ் · ஞாயிறு, இரவு 9:15

புகையிலை வெக்கறவங்க சைலன்சர் பக்கம் விழாத மாதிரி கட்டணும். காய்ஞ்ச இலைதானுங்க அதுவும், சூட்டுல பத்திக்கும். அந்துருண்டை வேண்டாம், அந்த வாடை ஏசி வழியாப் பிள்ளைங்க மூக்குக்குத்தான் போகும். எலிக்குப் பல்லு வளந்துட்டே இருக்கும், எதையாவது கடிச்சுத் தேச்சுத்தான் ஆகோணும். எடத்த மாத்தி நிறுத்துங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா எடுங்க, கீழ நொறுக்குத்தீனி சிந்தாமப் பாத்துக்குங்க. ராத்திரி பானெட்டத் தொறந்து வெக்க வசதி இருந்தா அதுவே நல்ல மருந்து, வெளிச்சமும் காத்தும் இருக்கற எடத்துல கூடு கட்டாது.


மலைக்கோட்டை_வண்டி · 24 நாள் கழித்து

இந்த இழையைத் தேடி வருபவர்களுக்காக ஒன்று. எல்லாம் நன்றாக ஓடுகிறது, இடது ஹெட்லைட் மட்டும் வலதைவிடக் கொஞ்சம் மஞ்சளாக எரிந்தது. என் ஒட்டுதான் என்று நினைத்து ஸ்லீவை வெட்டப் போனேன். வெட்டுவதற்கு முன் விளக்கைப் போட்டுவிட்டு அளந்தேன். ஒட்டில் 0.01 வோல்ட்தான். பிளஸ் பக்கம் பேட்டரியிலிருந்து பல்பு வரை 0.2. மைனஸ் பக்கம் பல்பிலிருந்து பேட்டரி வரை 0.7 காட்டியது.

எர்த் வயரைத் தொடர்ந்து போனால் ஃபெண்டருக்குள் ஒரு 10 மி.மீ. போல்ட். கழற்றினால் அடியில் துரு, எலிக்கூட்டின் ஈரம் அங்கேயும் இறங்கியிருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இப்போது 0.05. இரவு காம்பவுண்டுச் சுவருக்கு முன் நிறுத்தி லைட் போட்டுப் பார்த்தேன். இரண்டு வட்டமும் ஒரே வெள்ளை.